யிவூ நகரில் ஓராண்டு: வாசகர் கேட்டவையும் என் பதில்களும்

புறக்கோட்டையிலுள்ள இறக்குமதி நிறுவனம் ஒன்றின் சார்பில் பொருள்களைத் தெரிவு செய்யவும், கப்பலேற்றுவதற்கு முன் அவற்றைப் பரிசோதிக்கவும் சீனாவின் செஜியாங் மாகாணத்திலுள்ள யிவூ நகரில் ஓராண்டு தங்கியிருந்துவிட்டு நான் கொழும்பு திரும்பியதை இப்பகுதியில் முன்னர் குறிப்பிட்டிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் ஒன்றோடொன்று ஒத்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். சீன அரசியலை அடிமுதல் நுனிவரை ஆராயும்படி கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். குடையையும் பூட்டையும் பிளாஸ்டிக் பூவையும் எண்ணிக்கொண்டிருந்தவனிடம் அவ்வளவு சரக்கு இல்லை.

யிவூ என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பீஜிங், ஷங்காய் எல்லாம் இருக்க, அங்கே ஏன் போனீர்கள்?
— வாசகி, வெள்ளவத்தை

பெயரை நீங்கள் கேட்டிராவிட்டாலும் அந்த ஊர் உங்கள் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. தலைமுடிக் கிளிப், சாவிக்கொத்து, பிள்ளையின் பென்சில் பெட்டி, வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், நத்தார்க் காலத்தில் கடைகளில் மின்னும் மரம் என்று, புறக்கோட்டையில் விலை பேசி வாங்கும் சில்லறைப் பொருள்கள் பல அந்தச் சந்தையைக் கடந்து வருபவை. ஷங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் யிவூவை அடையலாம். பெரும் வளாகங்கள் பலவற்றில் ஏறத்தாழ 75,000 கடைகள் அமைந்த சந்தை அது. ஒரு தளம் முழுவதும் விளையாட்டுப் பொருள், இன்னொரு தளம் முழுவதும் குடையும் பையும், மற்றொரு வளாகத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை காலுறை. கடை என்பது சிறு அறைதான். அங்கே மாதிரிகள் மட்டுமே அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றிரண்டு வாங்கப் போனவரை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, கணக்கெல்லாம் கார்ட்டனில்தான். மாலை ஐந்து மணியானால் சந்தை வெறிச்சோடிவிடும்.

அந்த ஊரின் பழங்கதை எனக்கு மிகவும் பிடித்தது. மண் வளம் குறைந்த அப்பகுதி உழவர்கள், வயல் வேலை ஓய்ந்த குளிர்காலத்தில் காவுதடியின் இரு பக்கமும் வெல்லக் கட்டிகளைச் சுமந்துகொண்டு, கையிலுள்ள சிறு கிலுக்குப் பறையை ஆட்டியபடி ஊரூராகச் சென்று, வெல்லத்துக்கு மாற்றாகக் கோழி இறகுகளை வாங்கி வருவார்கள். நல்ல இறகு விற்பனைக்குப் போகும், மிச்சம் வயலுக்கு உரமாகும். மாவோ காலத்தில் இத்தகைய தனியார் வியாபாரம் குற்றமாயிற்று. ஆயினும் தெருவோரங்களில் மறைவாக நடந்துகொண்டே இருந்தது. 1982ஆம் ஆண்டு ஃபெங் அய்சியான் என்ற தெரு வியாபாரி, அதிகாரிகள் தம்மைத் துரத்துவதைப் பொறுக்க மாட்டாமல், மாவட்டக் கட்சிச் செயலாளர் ஷியே காவ்ஹுவாவிடம் நேரில் சென்று வாதிட்டார். அவ்வாண்டே சந்தை சட்டப்படி திறக்கப்பட்டது. சீனாவில் அனைத்தும் மேலிருந்து வரும் கட்டளைப்படியே நடப்பதாக நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: யிவூவில் முதலில் வந்தது வியாபாரம், அனுமதி பிறகுதான் வந்தது.

"சைனா சாமான்" ஏன் ஒரு மழைக்குக்கூடத் தாங்குவதில்லை? நல்லதைத் தாங்கள் வைத்துக்கொண்டு கழிவை நமக்கு அனுப்புகிறார்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை

மழை என்று நீங்களே சொல்லிவிட்டதால் குடையைக் கொண்டே பதில் சொல்கிறேன், ஐயா. கடைக்குள் நுழைந்ததும் விற்பவர் கேட்கும் முதல் கேள்வி "எந்த நாடு?" என்பதாகும். பதிலைக் கேட்டவுடன் அவர் எட்டி எடுக்கும் மாதிரி மாறிவிடும். ஒரே நிறம், ஒரே கைப்பிடி, ஒரே அளவு கொண்ட மூன்று குடைகளுக்கு மூன்று விலைகள் இருக்கும். முதலாவதன் கம்பிகள் காற்றில் வளைந்து நிமிரும் கண்ணாடியிழை. இரண்டாவதில் பாதி அதுவும் பாதி இரும்பும். மூன்றாவதில் மெல்லிய இரும்புத் தகடு மட்டும். துணியின் நெருக்கமும் அப்படியே இறங்கி வரும். இலங்கை என்று சொன்னால் பெரும்பாலும் மூன்றாவது குடைதான் மேசைக்கு வரும், ஏனெனில் நமக்கு முன் அங்கே போன நம்மவர்கள் அதைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அந்த விலையையும் நாம் விட்டுவைப்பதில்லை. விற்பவர் கல்குலேட்டரில் ஓர் எண்ணைத் தட்டிக் காட்டுவார். நாம் அதை அழித்துவிட்டுக் குறைந்த எண்ணைத் தட்டுவோம். அவர் முகம் கோணாமல் ஒப்புக்கொள்வார். குறைத்த அந்தக் காசு அவருடைய இலாபத்திலிருந்து போவதில்லை. கம்பியின் தடிப்பிலிருந்தும் துணியின் ஓரத் தையலிலிருந்தும் போகும். ஆகவே எங்கள் பரிசோதனையில் முதல் வேலை குடையை விரித்துப் பார்ப்பதன்று, கார்ட்டனைத் தராசில் ஏற்றுவது. பொருளுக்காக நாங்கள் கொடுத்த கொள்வனவுக் கட்டளைத் தாளில் எழுதிய எடையைவிடக் குறைவாக இருந்தால் உள்ளே ஏதோ உருவப்பட்டிருக்கிறது என்பது உறுதி. அதன்பின், கண்முன் அடுக்கியவற்றை விட்டுவிட்டு அடியிலும் மூலையிலும் உள்ள கார்ட்டன்களை எடுப்பித்து, ஒவ்வொரு குடையையும் விரித்து, கம்பி நுனியில் துணியைப் பிடித்திருக்கும் நூல் எத்தனை சுற்று என்று பார்ப்போம். மழையில் முதலில் கழன்று வருவது அந்த நுனிதான்.

தொழிற்சாலைக்காரர் ஏமாற்றுவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. மாதிரியில் ஒன்றும் சரக்கில் ஒன்றுமாகத் தந்தவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் பெரும்பாலான குறை கட்டளைத் தாளிலேயே இருக்கிறது. "நல்ல தரம்" என்று எழுதுவதற்கு அங்கே பொருளே இல்லை. கம்பி எத்தனை மில்லிமீற்றர், துணி எவ்வளவு எடை என்று எழுதி, அதற்குரிய விலையும் கொடுத்தால் அப்படியே வரும். எழுதாதது வராது. புறக்கோட்டைப் பிரதான வீதியில் அறுநூறு ரூபாவுக்குக் குடை விற்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் கொழும்பில் இருக்கிறார், யிவூவில் அல்லர்.

நான் சிறிய அளவில் வீட்டுப் பாத்திரங்கள் விற்கிறேன். இடைத்தரகர் இல்லாமல் நானே போய் வாங்கி வர முடியுமா?
— வியாபாரி, மட்டக்களப்பு

நேரில் போவது நல்லது. ஆனால் அங்குள்ள ஏஜென்டை முற்றாக விலக்கிவிட்டு வேலை நடவாது, ஏனெனில் அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். நீங்கள் பல கடைகளில் வாங்கும் பொருள்களைத் தமது களஞ்சியத்தில் சேர்த்து, எண்ணி, ஒரே கொள்கலனில் ஏற்றி, ஏற்றுமதிப் பத்திரங்களை ஆயத்தம் செய்து நிங்போ துறைமுகத்துக்கு அனுப்புபவர் அவர்தான். அதற்காகப் பொருள் பெறுமதியில் ஒரு சிறு வீதத்தைக் கூலியாகப் பெறுவார். கடைக்காரரிடமும் தனியாக ஒரு பங்கு வாங்குகிற ஏஜென்டுகள் உண்டு. கூலி மிகக் குறைவு என்று ஒருவர் சொன்னால் அந்தச் சந்தேகம் உங்களுக்கு எழ வேண்டும்.

வழமையாக மொத்த விலையில் 30 வீதம் முற்பணமாகவும், மிகுதி 70 வீதம் ஏற்றுவதற்கு முன்பும் செலுத்தப்படும். பரிசோதித்து முடியும்வரை அந்த 70 வீதத்தைக் கையைவிட்டு விடாதீர்கள். உங்களிடமுள்ள ஒரே பிடி அதுதான். 20 அடிக் கொள்கலனில் ஏறத்தாழ 28 கனமீற்றரும், உயரமான 40 அடிக் கொள்கலனில் ஏறத்தாழ 68 கனமீற்றரும் கொள்ளும். கொள்கலனை நிரப்ப முடியாதவர்கள் பிறருடன் பங்கு போட்டுக் கனமீற்றர் கணக்கில் கட்டணம் செலுத்தலாம். பாத்திரத்துக்கு இது முக்கியம்: ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திரங்களைத் தெரிவு செய்தால் காற்றுக்குக் கப்பல் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

காலத்தையும் கணித்துக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பெப்ரவரி 20க்கும் இடையில் வரும். அதற்கு முன்பே தொழிலாளர் ஊர் போகத் தொடங்கிவிடுவதால் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக நிற்கும். சந்தையும் இரு வாரமளவில் மூடிக்கிடக்கும். சித்திரைப் புத்தாண்டு விற்பனைக்குப் பொருள் வேண்டுமானால் கட்டளையை முந்திய ஆண்டின் நவம்பரிலேயே கொடுத்துவிட வேண்டும். இலங்கைத் தரக் கட்டளைகள் நிறுவனத்தின் கட்டாய இறக்குமதிப் பரிசோதனைப் பட்டியலில் உங்கள் பொருள் உள்ளதா என்பதையும், பணம் அனுப்பும் முறை என்ன என்பதை உங்கள் வங்கியிடமும், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் கேட்டறியுங்கள்.

மகள் படிக்கப் போகிறாள். நாங்கள் சுத்த சைவம். அங்கே எதைச் சாப்பிடுவாள்?
— தாய், தெஹிவளை

பட்டினி கிடக்க மாட்டாள், அம்மா, ஆனால் கவனம் வேண்டும். கீரை வகைகளும் சோயாக் கட்டியும் கத்தரிக்காயும் எந்தச் சிறு கடையிலும் கிடைக்கும். சிக்கல், அவற்றைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதிலும், இறைச்சி வடிநீரில் வேகவைப்பதிலும், மேலே ஒரு கரண்டி கொத்திறைச்சி தூவுவதிலும் இருக்கிறது. இறைச்சி வேண்டாம் என்றால் துண்டுகளை எடுத்துவிட்டுத் தருவார்கள். பௌத்தக் கோயில்களை அண்டிய சைவ உணவகங்களில் பயமின்றி உண்ணலாம். அங்கே பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. சமைப்பதற்கு அனுமதியுள்ள விடுதியானால் சோறாக்கும் மின்சாரப் பானை ஒன்று அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். அரிசியும் பருப்பும் தேங்காய்ப்பாலும் இணையக் கடைகளில் வீடு தேடி வரும். பழம், பச்சைக் காய்கறி, இறைச்சி, மாசிக் கருவாடு, பால் பொருள்கள் ஆகியவற்றைப் பயணப்பொதியில் கொண்டு செல்லத் தடை உள்ளது. பச்சைக் கறிவேப்பிலையையும் வைத்து அனுப்ப வேண்டாம். மிளகாய்த்தூள் வேண்டிய அளவு போகட்டும். செஜியாங் சமையல் நம் நாக்குக்குச் சற்றுத் தித்திப்பு.

பாம்பு, பூரான் எல்லாம் தின்பார்களாமே?
— மாணவன், வத்தளை

நான் கண்ட மதிய உணவு சோறு, கீரை, சோயாக் கட்டி, பன்றி இறைச்சி. தென்மாகாணங்களில் பாம்பு உண்ணும் வழக்கம் இருந்தது உண்மைதான். தரைவாழ் காட்டு விலங்குகளை உண்பதை 2020 பெப்ரவரியில் சீன நாடாளுமன்றத்தின் நிலைக்குழு தடை செய்தது. நண்டையும் கணவாயையும் கண்டு முகம் சுளிப்போர் நம்மிடையிலும் உண்டு, தம்பி.

கைத்தொலைபேசி இல்லாமல் அங்கே தேநீர்கூடக் குடிக்க முடியாதாம். உண்மையா? வாட்ஸ்அப் வேலை செய்யுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

காசுத்தாளை மறுப்பது சட்டப்படி தவறு. ஆயினும் நூறு யுவான் தாளை நீட்டினால் மிச்சம் கொடுக்கச் சில்லறை தேடிப் பக்கத்துக் கடைக்கு ஓடுவார்கள். தெருவோரத்தில் வற்றாளங்கிழங்கு சுட்டு விற்கும் மூதாட்டியின் வண்டியிலும் க்யூஆர் குறியீடு தொங்கும். வீசாட், அலிபே ஆகிய இரண்டு தொலைபேசிக் கொடுப்பனவுச் செயலிகளிலும் வெளிநாட்டு வங்கி அட்டையை இணைப்பது 2023ஆம் ஆண்டிலிருந்து எளிதாகியிருக்கிறது. ஒரு கொடுப்பனவு 200 யுவானைத் தாண்டினால் நூற்றுக்கு மூன்று வீதம் கட்டணம் அறவிடுவார்கள். வாட்ஸ்அப், கூகுள், முகநூல், யூடியூப் ஆகியவை தடுக்கப்பட்டுள்ளன. இலங்கைச் சிம் அட்டையை ரோமிங்கில் வைத்திருந்தால் அவை திறக்கும், செலவுதான் கூட.

தமிழருக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு, அதை இங்கே சொல்லியாக வேண்டும். சீனப் பெயர் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று எழுத்துகளில் முடிந்துவிடும். குடும்பப் பெயர் முன்னே நிற்கும். நமக்கோ குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. தகப்பனார் பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக ஏறிவிடுகிறது; இரண்டும் சேர்ந்து இருபது, முப்பது எழுத்துகளுக்கு நீள்கிறது. வங்கிக் கணக்கிலும் சிம் அட்டையிலும் ரயில் சீட்டிலும் வீசாட்டிலும் அந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். வங்கியில் ஒரு பெண் என் பெயரைத் தட்டச்சிடும்போது கட்டம் முடிந்துவிட்டதால் தகப்பனாரைப் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த அரைத் தகப்பனாரால் தொலைபேசிக் கணக்கு வாரக்கணக்கில் வங்கியுடன் இணைய மறுத்தது. எனவே முதல் அலுவலகத்தில் பெயரை எப்படிப் பதிந்தார்கள் என்று அச்சுப் பிரதி வாங்கி, அதையே மற்ற எல்லா இடங்களிலும் காட்டுங்கள். பெயரும் இலக்கமும் பொருந்தினால் அந்த நாட்டில் எல்லாம் நொடியில் நடக்கும். பொருந்தாவிட்டால் எந்த அதிகாரியின் இரக்கமும் உதவாது.

எங்கு பார்த்தாலும் கமரா, எதற்கும் பொலிஸ் பதிவு என்கிறார்கள். யுத்த காலத்துக் கொழும்பில் வாழ்ந்த நமக்கு அது பயமாக இருக்காதா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

இந்தக் கேள்வியை நம்மவர் ஒருவரால்தான் இப்படிக் கேட்க முடியும். சட்டம் இதுதான்: வெளிநாட்டவர் ஹோட்டலில் தங்கினால் ஹோட்டலே பதிந்துவிடும், வாடகை வீடானால் 24 மணி நேரத்துக்குள் அப்பகுதிப் பொலிஸ் நிலையத்தில் தாமே பதிய வேண்டும். வேலை வீசாவில் வந்தவர் 30 நாள்களுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீடு மாறினால் மறுபடியும் பதிவு.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவினரின் பெயரைப் பொலிஸ் படிவத்தில் எழுதி, அதன் பிரதியை அலுமாரியில் பத்திரப்படுத்தியிருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 2007 ஜூன் மாதத்தில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியதும், உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியதும் நமக்கு மறக்கக்கூடியவை அல்ல. ஆகவே வாடகை ஒப்பந்தத்தோடு அந்த யிவூப் பொலிஸ் நிலையத்துள் நுழைந்தபோது எனக்கு வியர்த்தது. மேசைக்கு அப்பாலிருந்த இளம்பெண் அதிகாரி கடவுச்சீட்டுப் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டார், தட்டச்சிட்டார், ஒரு தாளை அச்சிட்டு முத்திரை குத்தித் தந்தார். ஏன் வந்தாய், யாரைத் தெரியும் என்ற கேள்விகள் எழவில்லை. நான் தமிழனா சிங்களவனா என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. என்னோடு வேலை பார்த்த குருநாகல் சிங்கள நண்பர் எனக்குப் பின்னால் நின்று அதே தாளை வாங்கினார். அவருக்கு அது தண்ணீர்க் கட்டணம் செலுத்துவதைப் போன்ற ஓர் அலுவல். வெளியே வந்ததும், உனக்கு ஏன் இவ்வளவு வியர்க்கிறது என்று கேட்டார். பதில் சொல்ல அன்று மாலை முழுவதும் எடுத்தது. எங்கள் நட்பு அங்கிருந்துதான் தொடங்கியது என்று சொல்வேன்.

இதை வைத்து, அங்கே பதிவும் கமராவும் தீங்கற்றவை என்று நான் சான்றிதழ் கொடுப்பதாக எண்ண வேண்டாம். நள்ளிரவிலும் பெண்கள் தனியே நடந்து வீடு செல்வதைக் கண்டேன். மறந்துவிட்டுப்போன பை மறுநாளும் அதே கதிரையில் இருந்ததைக் கண்டேன். அதே அடையாள அட்டையும் அதே கமராவும் வடமேற்குச் சீனாவிலுள்ள சிஞ்சியாங்கின் உய்குர் முஸ்லிம் மக்கள்மேல் எப்படித் திரும்பின என்பதற்கு, 2022 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. அங்கு நடந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என்று அது கூறியது. சீன அரசு அதை மறுக்கிறது. செல்லுபடியாகும் வீசா வைத்திருந்த வெளிநாட்டவன் என்ற வகையில் பதிவேட்டின் வசதியான பக்கத்தில் நான் நின்றேன். மற்றப் பக்கம் எப்படியிருக்கும் என்பதை அறியக் கொழும்புத் தமிழர் சீனாவுக்குப் போகத் தேவையில்லை.

சீனாவில் டியூஷன் வகுப்புகளைத் தடை செய்துவிட்டார்களாம். இங்கேயும் அப்படிச் செய்தால் நல்லதல்லவா?
— தந்தை, பம்பலப்பிட்டி

2021 ஜூலையில் அந்த உத்தரவு வந்தது. முதல் ஒன்பது ஆண்டுக் கட்டாயக் கல்விக்குரிய பாடங்களை இலாபம் கருதிக் கற்பிக்கும் நிறுவனங்கள் மூடப்பட்டன அல்லது இலாபம் கருதாதவையாக மாற்றப்பட்டன. வார இறுதி, விடுமுறை வகுப்புகள் நிறுத்தப்பட்டன. ஆனால் ஜூன் மாதத்தில் 1 கோடிக்கும் மேற்பட்டோர் எழுதும் பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சை அப்படியே இருக்கிறது. பரீட்சை இருக்கும்வரை பெற்றோரின் பயம் எங்கே போகும்? எங்கள் குடை விற்பனைக்காரப் பெண்ணின் மகனுக்கு ஓர் ஆசிரியர் வீட்டுக்கே வந்து கணிதம் சொல்லிக் கொடுத்தார், முன்பைவிடக் கூடிய கட்டணத்துக்கு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலை வைத்துக்கொண்டு இங்கே டியூட்டரிகளை மூடினாலும் அதுதான் நடக்கும்.

அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவர் ஹெனான் மாகாணத்தைச் சேர்ந்தவர். யிவூவில் வாழ்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படி வெளியூரிலிருந்து வந்தவர்களே. 1958இலிருந்து நடைமுறையிலுள்ள குடும்பப் பதிவு முறைப்படி ஒருவரின் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் அவருக்குரிய அரச கல்வியும் பரீட்சையும் என்பது பொது விதி. தளர்வுகள் உண்டு, அவற்றுக்கும் காப்புறுதிக் கட்டணம், வதிவிடச் சான்று என்று நிபந்தனைகள் பல. நிபந்தனை நிறைவேறாதவர்கள் பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்து, புத்தாண்டுக்கு மட்டும் போய்ப் பார்க்கிறார்கள். மத்திய கிழக்குக்குத் தாயை அனுப்பிவிட்டுப் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் நம் கிராமத்து அம்மம்மாக்களை நினைத்துக்கொண்டேன். ஒரே வேறுபாடு, இவர்கள் தம் சொந்த நாட்டுக்குள்ளேயே இப்படிப் பிரிந்து வாழ்கிறார்கள்.

மகனை மருத்துவம் படிக்கச் சீனாவுக்கு அனுப்பலாமா?
— பெற்றோர், திருகோணமலை

நான் மருத்துவக் கல்வி அறிந்தவன் அல்லன். அங்கு சந்தித்த மாணவர்கள் சொன்னதை மட்டும் தருகிறேன். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வைத்தியசாலையில் நோயாளி சீன மொழியில்தான் வலியைச் சொல்வார். முதலாண்டிலேயே மொழியில் உழைக்காதவர்கள் இறுதி ஆண்டுகளில் வார்டுகளில் வெறுமனே நிற்கிறார்கள். திரும்பி வந்ததும் மருத்துவராகப் பதிவு பெறுவதற்கென இலங்கை மருத்துவ சபை வைத்திருக்கும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடைந்தாக வேண்டும். பல்கலைக்கழகத்தைச் சபை ஏற்கிறதா, மகனின் உயர்தரப் பெறுபேறு போதுமா என்பவற்றை முகவரின் வாயிலிருந்து கேட்காமல் சபையிடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

சீனாவில் தமிழ்க் கல்வெட்டு இருப்பதாகப் படித்தேன். பார்த்தீர்களா?
— ஆசிரியை, ஹட்டன்

அதற்காகவே பூஜியான் மாகாணத்திலுள்ள சுவான்சோவுக்கு ரயிலேறினேன். மார்க்கோ போலோ காலத்தில் உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிய அந்நகரில் 1956ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281, சித்திரை மாதத்தைச் சேர்ந்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர், மொங்கோலிய அரசரான கானின் திருமேனி நலத்துக்காகத் திருக்கானீச்சுரமுடையாரை எழுந்தருளப் பண்ணியதை அது தெரிவிக்கிறது. அந்நிய மண்ணில் கோயில் கட்ட அரசனின் பெயரையே சிவனுக்குச் சூட்டிவிட்ட அந்த வணிகரின் சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. கோயில் இன்று இல்லை. அதன் சிற்பங்கள் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. கையுவான் பௌத்தக் கோயிலின் பிரதான மண்டபத்துக்குப் பின்புறம் கண்ணன் கதை செதுக்கிய இரு தூண்கள் நிற்கின்றன. வழிபட வந்தவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் தூணிலிருந்த உருவத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மேடையடியில் வரிசையாகச் செதுக்கப்பட்ட மனிதத் தலைச் சிங்கங்களுக்கு முன் நான் அதிக நேரம் நின்றேன்.

அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகலாம். காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல் அங்கேயிருக்கிறது. கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன; பொன், வெள்ளி, பட்டு என்று மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. இதைச் சீன நட்பின் அடையாளமாக மேடைகளில் சொல்வது வழக்கம். அதே பயணத்தில்தான் செங் ஹே இலங்கை ஆட்சியாளரான அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனாவின் நாஞ்சிங்குக்குக் கொண்டு போனார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

சீனர்கள் இலங்கையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? அம்பாந்தோட்டையைப் பற்றிப் பேசுவார்களா?
— வாசகர், பதுளை

சந்தையில் யாரும் அதைப் பேசக் கேட்டதில்லை. 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன துறைமுகம் நமக்குத் தலைப்புச் செய்தி, அவர்களுக்குத் தொலைதூரத்துச் சிறு செய்தி. தேயிலையும் நீலக்கல்லும் அறிந்தவர்கள் பலர். இந்தியாவின் ஒரு பகுதி என்று நினைத்தவர்களும் உண்டு. வரைபடத்தைத் தொலைபேசியில் காட்ட வேண்டியிருந்தது. வயதானவர்களிடம்தான் வேறு நினைவு இருந்தது. களஞ்சியக் காவலராக இருந்த முதியவர் ஒருவர், நான் இலங்கையன் என்றதும் "றப்பர்" என்றார். 1952ஆம் ஆண்டு உடன்படிக்கையைத்தான் அவர் சொன்னார்: கொரிய யுத்தத்தின்போது மேற்கு நாடுகள் சீனாவுக்கு றப்பர் விற்க மறுத்த வேளையில், ஆண்டுக்கு 50,000 தொன் றப்பரை நாம் கொடுத்து 2,70,000 தொன் அரிசியை வாங்கினோம். இரு நாடுகளுக்கும் இராஜதந்திர உறவு ஏற்பட்டது 1957இல். வியாபாரம் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்த றப்பரில் பெரும் பங்கு களுத்துறைத் தோட்டத் தொழிலாளரும் சப்பிரகமுவத் தொழிலாளரும் விடியலில் வெட்டிய பாலிலிருந்து வந்தது என்று அவருக்கு விளக்க முயன்றேன். அவர் அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, தோட்டத்தில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். யுவானில் கணக்குப் பார்த்துவிட்டு, நான் பிழையாகச் சொல்கிறேன் என்று வாதிட்டார்.

மூன்று மாதத்தில் சீனம் பேசக் கற்க முடியுமா?
— வாசகி, நீர்கொழும்பு

பேச முடியாது, சமாளிக்கலாம். முதலில் எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள், வாயாலும் கையாலும். ஒரே கையால் பத்துவரை காட்டுவார்கள்: பெருவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு, ஐந்து விரல் நுனிகளையும் குவித்தால் ஏழு, பெருவிரலும் சுட்டுவிரலும் விரித்தால் எட்டு, சுட்டுவிரலை வளைத்தால் ஒன்பது. எட்டு என்று காட்டியதை இரண்டு என்று எண்ணிக்கொண்டு மகிழ்ந்து போகிறவர்கள் சந்தையில் தினமும் உண்டு. அடுத்து, உங்கள் விலாசத்தைச் சீன எழுத்தில் ஓர் அட்டையில் எழுதுவித்துப் பணப்பையில் வைத்திருங்கள்; ரக்சிச் சாரதிக்கு அதுவே போதும். எழுத்து படிக்க நேரம் இல்லையென்றால் உணவுப் பட்டியலில் வரும் இறைச்சி வகைகளின் எழுத்துகளையேனும் அடையாளம் காணப் பழகுங்கள். முறையாகக் கற்க விரும்பினால் களனிப் பல்கலைக்கழகத்தின் கொன்பியூசியஸ் நிறுவனத்தை அணுகலாம். வகுப்பு தொடங்கும் திகதியையும் கட்டணத்தையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.